வழித்தடப் பட்டியல்: வலைச்செயலிகள் தம்மைப் பற்றித் தரும் கணக்கு – ஒரு திறனாய்வு

முன்னுரை

வலைச்செயலிக்கு வரும் ஒவ்வொரு கோரிக்கையிலும் ஒரு முகவரியும் ஒரு முறையும் இருக்கும். "/நூல்கள்/25" என்பது முகவரி. கெட், போஸ்ட், டெலிட் போன்றவை முறைகள். இந்த முகவரிக்கு இந்த முறையில் கோரிக்கை வந்தால் இந்தச் செயற்கூறு மறுமொழி தர வேண்டும் என்று நிரலில் எழுதி வைக்கும் இணைப்பே வழித்தடம் ஆகும். நிரலாளர் பேச்சில் இது 'ரூட்' எனப்படும்.

செயலி சிறியதாக இருக்கும்போது எல்லா வழித்தடங்களும் ஒரே கோப்பில் அடங்கிவிடும்; கண்ணால் பார்த்தே எண்ணிவிடலாம். செயலி வளர வளர அவை பல கோப்புகளுக்கும், வெளியிலிருந்து சேர்க்கப்படும் நிரல் தொகுப்புகளுக்கும் சிதறிப் போகின்றன. அப்போது "இந்த வழங்கி எந்தெந்த முகவரிகளுக்கு மறுமொழி தருகிறது?" என்ற எளிய கேள்விக்குக் கூடக் குழுவில் ஒருவராலும் உறுதியாக விடை சொல்ல முடிவதில்லை. செயலியையே கேட்டு அந்த விடையைப் பெறுவதுதான் தானியங்கி வழித்தடப் பட்டியல். இன்று புழக்கத்தில் உள்ள சில வலைச் சட்டகங்கள் இந்தப் பட்டியலை எப்படித் தருகின்றன, அதில் எதைக் காட்டுகின்றன, எதை விட்டுவிடுகின்றன என்பதை இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

மதிப்பீட்டு அளவுகோல்

நல்ல வழித்தடப் பட்டியல் மூன்று கேள்விகளுக்கு விடை தர வேண்டும். முதலாவது, என்னென்ன முகவரிகள், எந்தெந்த முறைகளில் திறந்திருக்கின்றன? இரண்டாவது, ஒவ்வொன்றையும் எந்தச் செயற்கூறு கையாளுகிறது? மூன்றாவது, அந்தச் செயற்கூற்றை அடையும் முன் கோரிக்கை எந்தெந்தச் சோதனைகளைக் கடக்கிறது? வீட்டின் கதவுகளை எண்ணி எழுதியவர், எந்தக் கதவுக்குப் பூட்டு உண்டு என்பதை எழுதாமல் விட்டால் அந்தக் கணக்கு அரைக் கணக்குதான். பெரும்பாலான கருவிகள் முதல் இரண்டு கேள்விகளோடு நின்றுவிடுகின்றன என்பதே இக்கட்டுரையின் முதன்மைக் குற்றச்சாட்டு.

நிரலில் 'கண்டுபிடி' கொடுத்துத் தேடினால் போதாதா என்று கேட்கலாம். போதாது. எழுத்துக்கு எழுத்து எழுதப்பட்ட முகவரிகளை மட்டுமே தேடலில் பிடிக்க முடியும். ஒரு கோப்பில் முன்பாதியும் இன்னொரு கோப்பில் பின்பாதியுமாக எழுதப்பட்ட முகவரியும், ஒற்றை வரியிலிருந்து சட்டகம் தானாக உருவாக்கும் முகவரிகளும் தேடலுக்கு அகப்படா. செயலி இயங்கத் தொடங்கிய பிறகு அதன் நினைவகத்தில் இருப்பதைக் கேட்பதே சரியான வழி.

ரெயில்ஸ்

இந்தத் துறையில் முன்னோடி என்று ரூபி மொழியின் ரெயில்ஸ் சட்டகத்தைச் சொல்லலாம். முன்பு 'ரேக் ரூட்ஸ்' என்றும், 2016-இல் வந்த 5-ஆம் பதிப்பு முதல் 'ரெயில்ஸ் ரூட்ஸ்' என்றும் அழைக்கப்படும் கட்டளை, வழித்தடத்தின் பெயர், முறை, முகவரி, கையாளும் செயற்கூறு ஆகிய நான்கையும் நிரை நிரையாகத் தருகிறது. இது சட்டகத்தோடே வருவது; தனியாக எதையும் நிறுவ வேண்டியதில்லை.

இதன் அருமை ரெயில்ஸின் இயல்பிலேயே இருக்கிறது. நூல்களுக்காக 'ரிசோர்சஸ்' என்று ஒரே வரி எழுதினால், பட்டியலிடுதல், காட்டுதல், புதிய படிவம், உருவாக்குதல், திருத்தப் படிவம், திருத்துதல், நீக்குதல் என ஏழு செயல்களுக்கான வழித்தடங்கள் பிறக்கின்றன. திருத்தும் செயலுக்கு பேட்ச், புட் என இரு முறைகள் இருப்பதால் பட்டியலில் எட்டு வரிகள் வரும். எழுதியது ஒரு வரி, திறந்தது எட்டு வழி. இரண்டு போதும் என்று நினைத்தவர் எட்டையும் திறந்து வைத்திருப்பதைப் பட்டியலைப் பார்த்த பிறகே உணர்வார்.

2023-இல் வெளியான 7.1 பதிப்பில் 'அன்யூஸ்டு' என்ற விருப்பத்தேர்வு சேர்க்கப்பட்டது. முகவரி இருந்தும் அதைக் கையாள நிரல் எழுதப்படாத வழித்தடங்களை இது காட்டும். பயனுள்ளதுதான், ஆனால் பெயர் கொஞ்சம் ஏமாற்றும். யாருமே பயன்படுத்தாத பழைய வழித்தடத்துக்கு நிரல் இருந்தால், அது இந்தக் கட்டளையின் கண்ணில் படாது. புழக்கத்தில் இல்லாதது எது என்பதை வழங்கியின் பதிவேடுகளோடு ஒப்பிட்டுத்தான் அறிய வேண்டும்.

மூன்றாம் கேள்விக்கு ரெயில்ஸ் விடை தருவதில்லை. உள்நுழைந்தவரா என்று சோதிக்கும் நிரல் 'பிஃபோர் ஆக்‌ஷன்' என்ற பெயரில் கன்ட்ரோலருக்குள் எழுதப்படுகிறது. வழித்தடக் கோப்புக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஆகவே பூட்டிய கதவும் பூட்டாத கதவும் பட்டியலில் ஒன்றுபோலவே நிற்கும். பின்னணிப் பணிகளைக் கவனிக்கும் சைட்கிக் போன்ற தொகுப்புகளின் நிர்வாகப் பக்கத்தைச் செயலியோடு இணைத்தால், அதற்குள் எத்தனை பக்கங்கள் இருந்தாலும் பட்டியலில் ஒரே வரிதான் வரும். உள்ளே ஒரு தெருவே இருந்தாலும் வாசலை மட்டும் எண்ணுகிற கணக்கு இது.

ஃபிளாஸ்க், ஜாங்கோ

பைத்தான் மொழியின் ஃபிளாஸ்க் சட்டகம் 2018-இல் வந்த 1.0 பதிப்பில் 'ஃபிளாஸ்க் ரூட்ஸ்' என்ற கட்டளையைச் சேர்த்தது. அடித்தளத்தில் உள்ள வெர்க்சாய்க் நூலகம் எல்லா வழித்தடங்களையும் ஒரு வரைபடப் பொருளாக வைத்திருப்பதால் பட்டியலிடுவது எளிதாகிறது. கோரிக்கை வரும்போது எந்த வரிசையில் ஒப்பிடப்படும் என்பதற்கேற்பப் பட்டியலை அடுக்கித் தரும் வசதியும் உண்டு. இரண்டு முகவரிகள் ஒன்றோடொன்று மோதும் இடத்தைக் கண்டுபிடிக்க இது உதவும்.

ஃபிளாஸ்க் பட்டியலின் குறையை ஒரு சிறு எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஒரு செயற்கூற்றின் தலைமேல் இரண்டு டெக்கரேட்டர்களை எழுதுகிறோம்: ஒன்று வழித்தடத்தைப் பதிவு செய்வது, மற்றொன்று உள்நுழைவைச் சோதிப்பது. பைத்தானில் கீழே உள்ள டெக்கரேட்டர்தான் முதலில் செயல்படும். வழித்தடம் மேலே, சோதனை கீழே என்று எழுதினால் சோதனையோடு கூடிய செயற்கூறு பதிவாகும். வரிசை மாறிவிட்டால் சோதனை இல்லாத வெறும் செயற்கூறு பதிவாகிவிடும். முகவரியை அறிந்த எவரும் உள்ளே வரலாம். இந்த இரு நிலைகளிலும் 'ஃபிளாஸ்க் ரூட்ஸ்' தரும் வரியில் ஓர் எழுத்துகூட மாறாது. நிரலைப் படிப்பவர் கண்ணுக்கும் இரண்டு டெக்கரேட்டர்களும் இருப்பதாகவே தெரியும். பட்டியல் மிகவும் தேவைப்படும் இடத்தில் அது வாய் திறப்பதில்லை.

ஜாங்கோ வேறு வகை. இதன் மையத் தொகுப்பில் பட்டியலிடும் கட்டளையே இல்லை; 'ஜாங்கோ எக்ஸ்டென்ஷன்ஸ்' என்ற தனித் தொகுப்பை நிறுவினால் 'ஷோ யூஆர்எல்ஸ்' என்ற கட்டளை கிடைக்கும். இதில் வேடிக்கை என்னவென்றால், பிழைதிருத்த நிலையில் இயங்கும் ஜாங்கோ செயலியில் இல்லாத முகவரி ஒன்றைத் தட்டினால், 404 பக்கத்திலேயே தான் ஒப்பிட்டுப் பார்த்த முகவரி வடிவங்களை வரிசையாக எழுதிக் காட்டும். அதாவது பட்டியல் சட்டகத்திடம் இருக்கிறது. கேட்பதற்கான நேர்வழிதான் இல்லை. மேலும், ஜாங்கோவின் முகவரிக் கோப்பில் முறை எழுதப்படுவதில்லை. கெட்டா போஸ்டா என்பதை உள்ளே இருக்கும் வியூ தீர்மானிக்கிறது. எனவே இங்கே முதல் கேள்விக்கே பாதி விடைதான் கிடைக்கிறது.

ஆனால் 2024-இல் வந்த 5.1 பதிப்பில் ஜாங்கோ ஒரு நல்ல அடி எடுத்து வைத்தது. எல்லா வியூக்களுக்கும் உள்நுழைவு கட்டாயம் என்று அறிவிக்கும் மிடில்வேர் ஒன்றை அறிமுகப்படுத்தியது. விலக்கு வேண்டிய வியூவின் மேல் மட்டும் அந்த விலக்கை எழுத வேண்டும். பூட்டு பொது விதியாகவும் திறப்பு விலக்காகவும் மாறுகின்றன. விலக்கு என்பது வியூவின் மேல் ஒட்டப்பட்ட அடையாளமாக இருப்பதால், பட்டியலிடும் நிரலால் அதைப் படிக்கவும் முடியும். மூன்றாம் கேள்விக்கு விடை தரக்கூடிய அமைப்பு இது.

லாராவெல்

பிஎச்பி மொழியின் லாராவெல் சட்டகத்தில் சோதனைகள் பெரும்பாலும் வழித்தடத்தோடே மிடில்வேராக எழுதப்படுகின்றன. அதனால் 'ரூட் லிஸ்ட்' கட்டளையால் மூன்று கேள்விகளுக்கும் விடை தர முடிகிறது. இந்த வகையில் லாராவெல் மற்றவற்றைவிட ஒரு படி முன்னே நிற்கிறது.

ஆனால் இன்று அந்தக் கட்டளையை வெறுமனே கொடுத்தால் மிடில்வேர்கள் காட்டப்படுவதில்லை. விரிவாகக் காட்டு என்று தனியே கேட்டால்தான் அவை வெளிவரும். திரையில் இடம் குறைவு, பட்டியல் அழகாக இருக்க வேண்டும் என்பன நியாயமான காரணங்களே. இருந்தாலும் அழகுக்காக மறைக்கப்பட்டது மிக முக்கியமான தகவல். புதிதாகக் கற்பவர் விரிவு விருப்பத்தேர்வு ஒன்று இருப்பதையே அறியாமல், பட்டியல் இவ்வளவுதான் என்று எண்ணிவிட வாய்ப்புண்டு.

எக்ஸ்பிரஸ்

நோட் சூழலில் பரவலாகப் பயன்படும் எக்ஸ்பிரஸில் பட்டியலிடும் கட்டளை இல்லை. அதன் அமைப்பைப் பார்த்தால் காரணம் புரியும். எக்ஸ்பிரஸுக்கு வழித்தடம் என்பது அட்டவணையின் ஒரு நிரை அல்ல. வரிசையாக நிற்கும் செயற்கூறுகளில் ஒன்று. கோரிக்கை அந்த வரிசையில் ஒன்றன்பின் ஒன்றாகக் கடந்து செல்கிறது. சோதனை செய்யும் செயற்கூறு வரிசையில் முன்னால் நின்றால் பின்னால் உள்ள வழித்தடங்களுக்குக் காவல் உண்டு. பின்னால் போய்விட்டால் முன்னால் உள்ளவற்றுக்குக் காவல் இல்லை.

4-ஆம் பதிப்பில் பட்டியல் வேண்டியவர்கள், அடிக்கோட்டில் தொடங்கும் பெயர் கொண்ட உள்ளுறுப்பு ஒன்றைத் திறந்து, அந்த வரிசையைக் கையால் துழாவினார்கள். ஒரு ரூட்டரை "/நிர்வாகம்" என்ற முகவரியின் கீழ் இணைத்தால், அந்த எழுத்துகள் அப்படியே சேமிக்கப்படுவதில்லை. ரெகுலர் எக்ஸ்பிரஷனாக மாற்றப்பட்டே சேமிக்கப்படுகின்றன. பட்டியலிடும் தொகுப்புகள் அந்த எக்ஸ்பிரஷனைப் பிரித்து மீண்டும் முகவரியாக்க வேண்டியிருந்தது. அரைத்த மாவிலிருந்து அரிசியைத் தேடும் வேலை அது. 2024-இல் வந்த 5-ஆம் பதிப்பில் ஒப்பிடும் வேலை செயற்கூறுகளுக்குள் மூடப்பட்டுவிட்டதால், பழைய தந்திரமும் பலிப்பதில்லை. வழித்தடத்தின் பின்பாதி கிடைக்கும். ரூட்டர் எந்த முகவரியின் கீழ் இணைக்கப்பட்டது என்ற முன்பாதி கிடைக்காது.

இதே நோட் சூழலில் ஃபாஸ்டிஃபை என்ற சட்டகம் இந்தச் சிக்கலை எளிதாகத் தீர்த்திருக்கிறது. வழித்தடங்களை மரவடிவில் அச்சிடும் செயற்கூறு ஒன்று அதில் உண்டு. அதைவிட முக்கியமாக, ஒவ்வொரு வழித்தடமும் பதிவாகும் கணத்தில் நமக்குச் செய்தி சொல்லும் 'ஆன்ரூட்' என்ற கொக்கி இருக்கிறது. உள்ளே போன பிறகு தேடுவதை விட, நுழையும்போதே குறித்துக்கொள்வது எளிது. எக்ஸ்பிரஸைப் பயன்படுத்துவோரும் இந்தப் பாடத்தை எடுத்துக்கொள்ளலாம்: முகவரி, முறை, காவல் மூன்றையும் ஓர் அட்டவணையாக எழுதி, அந்த அட்டவணையிலிருந்தே வழித்தடங்களைப் பதிவு செய்தால் பட்டியல் எப்போதும் கையில் இருக்கும்.

கோ மொழி

கோ மொழியின் செந்தர நூலகத்தில் உள்ள 'சர்வ்மக்ஸ்', 2024 பிப்ரவரியில் வந்த 1.22 பதிப்பில் பெரிதும் மேம்பட்டது. முறைகளையும் மாறும் பகுதிகளையும் முகவரி வடிவத்திலேயே எழுத முடிந்தது. எது முன்னுரிமை பெறும் என்று தீர்மானிக்க முடியாதபடி இரண்டு வடிவங்கள் மோதினால், பதிவு செய்யும்போதே செயலி நின்றுவிடும். அதாவது எல்லா வடிவங்களையும் ஒப்பிட்டுப் பார்க்கும் அளவுக்கு அதனிடம் தகவல் இருக்கிறது. ஆனால் அந்த வடிவங்களை வரிசையாகத் தரும் பொதுச் செயற்கூறு எதுவும் அதனோடு வரவில்லை. 'chi' என்ற வெளி நூலகம் போன்றவற்றில் 'வாக்' என்ற செயற்கூறு வழித்தடங்களோடு அவற்றின் மிடில்வேர்களையும் தருகிறது. செந்தர நூலகத்தை மட்டுமே நம்பும் குழுக்கள் தாங்களே ஒரு மேலுறை எழுதிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

பட்டியலை யாருக்குக் காட்டுவது?

பட்டியல் கிடைத்த பிறகு அடுத்த சிக்கல் எழுகிறது. பைத்தானின் ஃபாஸ்ட்ஏபிஐ தன் வழித்தடங்களை ஓப்பன்ஏபிஐ வடிவில் தானே தொகுத்து, அழகான ஆவணப் பக்கமாகவும் வெளியிடுகிறது. நிரலாளர் ஒன்றும் செய்யாவிட்டால் அந்தப் பக்கம் எல்லோருக்கும் திறந்திருக்கும். இதற்கு மாறாக, ஜாவாவின் ஸ்பிரிங் பூட் தன் 'மேப்பிங்ஸ்' பட்டியலை வலைவழியாக வெளியிடாமல் மூடியே வைத்திருக்கிறது; வேண்டுவோர் தாமே திறந்துகொள்ள வேண்டும்.

பொதுமக்களுக்கான ஏபிஐ என்றால் ஃபாஸ்ட்ஏபிஐ செய்வது வரவேற்கத்தக்கது. அகப் பயன்பாட்டுச் செயலி என்றால் ஸ்பிரிங் பூட்டின் எச்சரிக்கையே சரி. இங்கே ஒரு தவறான எண்ணத்தையும் களைய வேண்டும். ஃபாஸ்ட்ஏபிஐ ஆவணத்திலிருந்து ஒரு வழித்தடத்தை மறைக்கும் வசதி உண்டு. மறைத்ததால் அந்த வழித்தடம் மூடப்படுவதில்லை. முகவரியை ஊகிப்பவருக்கு அது திறந்தே இருக்கும். பெயர்ப்பலகையைக் கழற்றுவது பூட்டுப் போடுவது ஆகாது. மறைக்கப்பட்டவற்றையும் சேர்த்துக் காட்டும் முழுப் பட்டியல் குழுவுக்குள் இருந்தே ஆக வேண்டும்.

பட்டியலுக்கு வெளியே இருப்பவை

எவ்வளவு நல்ல பட்டியலாக இருந்தாலும், சட்டகத்துக்குத் தெரிந்ததை மட்டுமே அதனால் சொல்ல முடியும். முன்னால் நிற்கும் என்ஜின்எக்ஸ் வழங்கி நேரடியாகத் தரும் கோப்புகள் அதில் வரா. எல்லா முகவரிகளையும் விழுங்கும் பொது வழித்தடம் ஒன்று இருந்தால், அதற்குள் நடக்கும் பிரிவினைகள் தெரியா. அந்தச் செயலி எந்தெந்த இணையப் பெயர்களில், எத்தனை பழைய பதிப்புகளாக இயங்கிக்கொண்டிருக்கிறது என்பதும் தெரியாது.

கடைசியாகச் சொன்னது எவ்வளவு பெரிய இழப்பைத் தரும் என்பதற்கு ஆஸ்திரேலியாவின் ஆப்டஸ் தொலைத்தொடர்பு நிறுவனத்தில் 2022 செப்டம்பரில் நடந்த தகவல் கசிவு சான்றாகும். சுமார் 95 லட்சம் வாடிக்கையாளர்களின் தனிப்பட்ட தகவல்கள் அதில் வெளியேறின. அந்நாட்டு ஒழுங்குமுறை அமைப்பு 2024-இல் நீதிமன்றத்தில் முன்வைத்த வாதத்தின்படி, 2018-இல் நிரலில் ஏற்பட்ட ஒரு பிழையால் ஏபிஐ ஒன்றின் அணுகல் கட்டுப்பாடு செயலிழந்தது. 2021-இல் முதன்மை இணையப் பெயரில் அந்தப் பிழை திருத்தப்பட்டது. ஆனால் புழக்கமின்றிக் கிடந்த இன்னொரு இணையப் பெயரில் அது திருத்தப்படாமலே இருந்தது. அந்த வழியாகவே தகவல் எடுக்கப்பட்டது.

வழித்தடப் பட்டியல் மட்டும் இருந்திருந்தால் இது நடந்திருக்காது என்று சொல்ல முடியாது. முகவரி எது என்பதோடு, அது எங்கெல்லாம் இயங்குகிறது, காவல் உண்மையிலேயே வேலை செய்கிறதா என்ற கணக்குகளும் தேவைப்பட்ட இடம் அது. வலைப் பாதுகாப்புக்கான ஓவாஸ்ப் அமைப்பு 2023-இல் வெளியிட்ட ஏபிஐ பாதுகாப்பு அபாயங்களின் பத்து அம்சப் பட்டியலில், இருப்புக் கணக்கைச் சரியாகப் பேணாமை ஒன்பதாம் இடத்தில் தனி அபாயமாகவே வைக்கப்பட்டுள்ளது.

பட்டியலைப் பயனுள்ளதாக்கும் வழி

நூறு வரிகளுக்கு மேல் ஓடும் பட்டியலை ஒருமுறை திரையில் பார்த்துவிட்டு மூடுவதால் பெரிய பயன் இல்லை. இரண்டு பழக்கங்கள் அதை உண்மையான கருவியாக்கும்.

முதலாவது, பட்டியலை ஒரு கோப்பாக நிரலோடு சேர்த்துக் கிட் களஞ்சியத்தில் வைப்பது. ஒவ்வொரு மாற்றத்தின்போதும் பட்டியலைத் தானாகப் புதிதாக உருவாக்கி, பழையதோடு ஒப்பிட வேண்டும். வேறுபாடு இருந்தால் அது மாற்றத்தைச் சரிபார்ப்பவரின் கண்ணில் பட வேண்டும். ஒரு வரி எழுதியதால் எட்டு வழிகள் திறந்தால், அந்த எட்டும் அன்றைக்கே தெரிந்துவிடும். மனிதர் நூறு வரிகளைப் படித்துச் சலிப்பார். இரண்டு வரி வேறுபாட்டைக் கவனமாகப் படிப்பார்.

இரண்டாவது, பட்டியலையே சோதனைக்கான உள்ளீடாக்குவது. பட்டியலில் உள்ள ஒவ்வொரு முகவரிக்கும், மாதிரித் தரவு கொண்ட சோதனைச் சூழலில், உள்நுழையாத ஒருவரின் கோரிக்கையை அனுப்ப வேண்டும். 401, 403 அல்லது உள்நுழைவுப் பக்கத்துக்குத் திருப்பும் 302 வந்தால் பூட்டு இருக்கிறது. வேறு எது வந்தாலும், அந்த முகவரி பொதுவானது என்று தனிக் கோப்பில் ஒருவர் எழுதி வைத்திருக்க வேண்டும். இல்லையேல் சோதனை தோற்க வேண்டும். ஃபிளாஸ்க்கில் டெக்கரேட்டர் வரிசை மாறிய பிழையைப் பட்டியல் காட்டாது என்று பார்த்தோம். இந்தச் சோதனை அதைப் பிடித்துவிடும். பட்டியல் தராத மூன்றாம் விடையைச் செயலியின் நடத்தையிலிருந்தே பெறும் வழி இது.

முடிவுரை

முதல் இரண்டு கேள்விகளுக்கு ரெயில்ஸும் ஃபிளாஸ்க்கும் நிறைவான விடை தருகின்றன. மூன்றும் கிடைக்கும் இடம் லாராவெல். அதையும் விரிவாகக் கேட்டால்தான். ஜாங்கோவிடம் தகவல் இருக்கிறது, கட்டளை இல்லை. கோ மொழியின் செந்தர நூலகத்தின் நிலையும் அதுவே. எக்ஸ்பிரஸில் தகவலே கரைந்துபோகிறது.

இந்த வேறுபாடுகளுக்கெல்லாம் அடிப்படை ஒன்றே. எங்கே வழித்தடமும் காவலும் படிக்கக்கூடிய தரவாக வைக்கப்படுகின்றனவோ அங்கே பட்டியல் தானாகவே கிடைக்கிறது. எங்கே அவை செயற்கூறுகளுக்குள் புதைகின்றனவோ அங்கே எந்தக் கருவியும் ஊகத்தையே நம்ப வேண்டியிருக்கிறது. புதிதாக ஒரு சட்டகத்தைத் தேர்வு செய்வோர் அதன் வேகத்தையும் புகழையும் பார்ப்பதோடு, "உன்னிடம் எத்தனை வாசல்கள், எவற்றுக்குப் பூட்டு?" என்றும் அதைக் கேட்டுப் பார்க்க வேண்டும். ஏற்கெனவே தேர்வு செய்துவிட்டவர்கள், தங்கள் சட்டகம் சொல்லாமல் விடும் பகுதியைச் சோதனைகளால் நிரப்பிக்கொள்ள வேண்டும்.